யாழ்ப்பாணத்தில் படகேறிப் போய்க் கடல் குளிக்க எந்தத் தீவு?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். ஆகஸ்ட் விடுமுறைக்கு எட்டும் பதினொன்றும் வயதான இரண்டு பிள்ளைகளோடும் முழங்கால் நோவுள்ள தாயாரோடும் யாழ்ப்பாணம் போகிறார்கள். காலிமுகத்திடலையும் கல்கிசையையும் தவிரப் பிள்ளைகள் வேறு கடல் கண்டதில்லை. படகேறி ஒரு தீவுக்குப் போய், கடலில் குளித்து, அன்று மாலையே யாழ் நகருக்குத் திரும்பிவிட வேண்டும். அதற்கு நெடுந்தீவு நல்லதா, நயினாதீவு நல்லதா, வாடகைக்குப் பிடிக்கும் வானைப் படகில் ஏற்றுவார்களா, பிள்ளைகளின் காற்றடைத்த வளையங்களைக் கொண்டுபோகலாமா என்பவை அவருடைய கேள்விகள். கேள்வி தீவின் பெயரைப் பற்றியதாக இருந்தாலும், அவருக்குத் தேவைப்படுவது மூன்று: பிள்ளைகளுக்கு ஒரு படகுப் பயணம், அவர்கள் பயமில்லாமல் இறங்கக்கூடிய ஒரு கடல், தாயார் கால்வைத்து ஏறி இறங்கக்கூடிய ஒரு துறை. இந்த மூன்றும் ஆகஸ்டில், ஒரே நாளில் கிடைக்கிற இடம் ஒன்று இருக்கிறது. அது அவர் கேட்ட இரண்டு தீவுகளில் எதுவுமல்ல, காரைநகர்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்க வேண்டும். நெடுந்தீவில் ஒன்பது ஆண்டுகள் புவியியல் படிப்பித்தவன் நான். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் புங்குடுதீவிலுள்ள குறிகட்டுவான் துறைக்குப் படகேறி, திங்கட்கிழமை விடியற்காலையில் திரும்பிப் போவேன். அந்த ஒன்பது ஆண்டுகளும் எனக்கு அப்படித்தான் கழிந்தன. கொழும்புக்கு வந்த பிறகும் ஒவ்வோர் ஆண்டும் உறவினர்களையோ வெளிநாட்டிலிருந்து வந்தவர்களையோ தீவுப்பகுதிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். நான் படகோட்டி அல்லன். அந்தக் கடலைப் பயணியாக இருந்து அறிந்தவன். ஆகவே காற்று, கரை, துறை ஆகியவற்றைப் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு குறிப்பிட்ட நாளில் படகு வெளிக்கிடுமா இல்லையா என்பதை அன்று துறையில் நிற்பவரிடம்தான் கேட்க வேண்டும்.

முதலில் ஒரு சிறிய தெளிவு. கொழும்பு நகருக்கென்று படகில் போகிற தீவுக் கடற்கரை கிடையாது. மட்டக்குளியில் இருக்கும் காக்கைத்தீவுக் கடற்கரைக்குப் பெயரில் மட்டுமே தீவு உண்டு; அங்கே தெருவழியாகவே போகலாம். யாழ்ப்பாணத்தின் நிலைமை வேறு. நகரத்துக்கு மேற்கே தீவுகள் கொத்தாகக் கிடக்கின்றன. ஆனால் அவற்றில் பலவற்றுக்கு இப்போது படகு தேவையில்லை. பண்ணையிலிருந்து கடல்நடுவே போகும் தெரு மண்டைதீவுச் சந்தியைத் தாண்டி வேலணைக்கும், அங்கிருந்து இன்னொரு நீண்ட கடற்பாலத்தால் புங்குடுதீவுக்கும் போகிறது. வடக்குப் பக்கமாகப் பொன்னாலைப் பாலம் காரைநகரை இணைக்கிறது. படகில்லாமல் போக முடியாத தீவுகளாக இப்போது நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியவை இருக்கின்றன. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் புங்குடுதீவின் மேற்கு முனையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேற வேண்டும். யாழ் நகரிலிருந்து 776ஆம் இலக்க பஸ் அங்கே போகிறது. வானிலும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் எடுக்கும். நீங்கள் குறிப்பிட்ட இரண்டு தீவுகளுக்கும் கடற்பயணம் தொடங்குவதற்கு முன்னரே தாயார் அவ்வளவு நேரம் வாகனத்தில் இருந்திருப்பார் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனிக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆகஸ்டில் தீவுக்குப் போகிறவர் தீவைத் தெரிவுசெய்வதற்கு முன்னர் காற்றைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் கடலுக்குப் பெருங்காற்று இரண்டு. கார்த்திகை கடந்து மாசிவரை வடகிழக்கிலிருந்து வீசுவது வாடை. வைகாசியிலிருந்து புரட்டாதிவரை தென்மேற்கிலிருந்து வீசுவது சோளகம். கொழும்பில் இருப்பவர்களுக்குச் சோளகம் மழையாகத் தெரியும். யாழ்ப்பாணத்தில் அதே காற்று மழையில்லாமல், வானம் தெளிவாக இருக்கும்போதே, நாள்முழுவதும் ஓயாமல் அடிக்கும். வெயில் எறிப்பதைப் பார்த்துக் கடலும் அமைதியாக இருக்கும் என்று கொழும்பிலிருந்து வருகிறவர்கள் நினைப்பது இதனால்தான். பாக்குநீரிணையும் தீவுகளுக்கிடைப்பட்ட கடலும் ஆழம் குறைந்தவை. ஆழமில்லாத நீரில் காற்று எழுப்பும் அலை உயரத்தில் சிறியதாக இருந்தாலும் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் வரும். ஆழ்கடலின் நீண்ட அலை படகைத் தூக்கி இறக்கும். இது படகை அடித்து அடித்து உலுக்கும். வயிற்றைப் பிரட்டுவதும் பிள்ளைகளை அழவைப்பதும் இந்த அலைதான்.

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவு ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் தூரம், தென்மேற்குத் திசையில் இருக்கிறது. அதாவது சோளகக் காலத்தில் படகு காற்றுக்கு நேரெதிராகப் போகிறது. அமைதியான நாளில் ஒரு மணி நேரம் எடுக்கும் பயணம் அன்று அதைவிட நீளும். முன்பக்கம் இருப்பவர்கள் உப்புநீரில் நனைந்துதான் இறங்குவார்கள். விடியற்காலையில் காற்று சற்றுத் தணிந்திருக்கும். வெயில் ஏறத் தரை சூடாகி, காற்றும் அதோடு சேர்ந்து ஏறும். காலையில் போன கடலும் பிற்பகலில் திரும்பும் கடலும் ஒன்றல்ல என்பதை நான் முதலாவது ஆண்டிலேயே படித்துக்கொண்டேன். ஓர் ஆகஸ்ட் மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் தமையனாரின் குடும்பத்தை நான்தான் நெடுந்தீவுக்குக் கூட்டிப் போனேன். காலையில் கடல் வெறும் சுருக்கம் விழுந்த துணிபோலக் கிடந்தது. பிற்பகல் நெடுந்தீவின் இறங்குதுறையான மாவிலித்துறைக்கு வந்தபோது அலை படகைத் துறைக் கல்லோடு மோதிக்கொண்டிருந்தது. துறையடியில் நின்றவர்கள் ஒருவரோடொருவர் பேசவில்லை, எல்லோரும் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்று படகு வெளிக்கிடவில்லை. தமையனாரின் சின்ன மகளுக்கு மாற்றுடுப்புக்கூட இருக்கவில்லை. பள்ளிக்கூடத்து மேசைகளை ஒன்றாக இழுத்துப் போட்டு அதன்மேல் பிள்ளைகளைப் படுக்கவைத்தோம். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் ஒடியற் புட்டு அவித்துக் கொண்டுவந்து தந்தார். அடுத்த நாட்காலை திரும்பினோம். எவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் இரவு ரயிலுக்கோ பஸ்ஸுக்கோ இடம் பதிந்துவைத்திருக்கும் ஒரு கொழும்புக் குடும்பம் அன்று என்ன செய்திருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

நெடுந்தீவைக் குறைத்துச் சொல்லும் எண்ணம் எனக்கில்லை. என் வாழ்க்கையின் நல்ல ஆண்டுகள் அங்கேதான் போயின. முருகைக் கற்களை அடுக்கிய வேலிகள், பெரிய பெருக்கமரம், ஒல்லாந்தர் காலத்துக் கோட்டையின் இடிபாடு, புல்வெளியில் தானாகத் திரியும் குதிரைகள் எல்லாவற்றையும் உங்கள் பிள்ளைகள் ஒருநாள் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அது ஏறத்தாழ ஐம்பது சதுரக் கிலோமீற்றர் பரப்புள்ள தீவு. துறையில் இறங்கியதும் ஓட்டோவோ பட்டா லொறியோ பிடித்து, கல்லும் குழியுமான தெருவில் சுற்ற வேண்டும். முழங்கால் நோவுள்ளவருக்குக் கடலைவிட அந்தத் தெருதான் கடினமாக இருக்கும். கடல் குளிப்பதற்கென்று போகிற தீவாகவும் நான் அதைச் சொல்லமாட்டேன். பல இடங்களில் கரையே முருகைக்கல். வெறுங்காலில் இறங்கினால் வெட்டும். நெடுந்தீவைப் பங்குனி சித்திரையில், காற்று மாறுகிற இடைவெளியில், ஓர் இரவு தங்குகிற எண்ணத்தோடு போய்ப் பாருங்கள்.

படகைப் பற்றியும் ஒரு சொல். அந்தப் படகுகள் முதலில் தீவு மக்களுக்கானவை. ஆசுப்பத்திரிக்குப் போகிற கர்ப்பிணியும், மா மூட்டையோடு திரும்புகிற கடைக்காரரும், பரீட்சைக்குப் போகிற பிள்ளையும் ஏறுகிற படகில் நாங்கள் உல்லாசத்துக்கு ஏறுகிறோம். குமுதினி என்ற பெயரைச் சொன்னால் நெடுந்தீவார் எவருக்கும் முகம் மாறும். 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் போய்க்கொண்டிருந்த அந்தப் படகில் ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடின்றிப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மாவிலித்துறையில் அவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. என்றாவது அங்கே இறங்கினால் அதைக் கடந்து போகும்போது பிள்ளைகளின் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். துறையில் நிற்பவர்களில் அந்த நாளில் உறவை இழந்தவர் ஒருவர் நிச்சயமாக இருப்பார்.

நயினாதீவுக்கு வருவோம். குறிகட்டுவானிலிருந்து பதினைந்து இருபது நிமிடப் பயணம். அடிக்கடி படகு ஓடுகிறது. நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் இருப்பதால் தமிழரும் சிங்களவரும் ஒரே படகில் நெருங்கி இருந்து போகிற அருமையான இடம். சோளகத்திலும் அந்தக் குறுகிய கடலைப் பெரும்பாலான நாட்களில் கடந்துவிடலாம். ஆனால் அது வழிபாட்டுக்குரிய தீவு. குளிப்பதற்கு ஏற்ற மணற்கரை என்று அங்கே காட்ட ஒன்றுமில்லை. தாயாரைப் பொறுத்தவரை இன்னொரு தடையும் உண்டு. நயினாதீவுப் படகு துறையோடு சமமாக நிற்பதில்லை. துறை உயர்ந்தும் படகின் விளிம்பு தாழ்ந்தும் இருக்கும். இடையே ஒரு முழ அகலத்தில் நீர் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். படகுக்காரப் பொடியன் ஒரு காலைத் துறையிலும் மறு காலைப் படகிலும் வைத்து நின்று, வருகிறவரின் உள்ளங்கையைப் பிடிக்காமல் மணிக்கட்டுக்கு மேலே இறுக்கிப் பிடித்து, "அம்மா, அலை ஏறட்டும்... இப்ப வையுங்கோ காலை" என்று சொல்லி, படகு உயர்கிற அந்தக் கணத்தில் இறக்கிவிடுவான். அதன் பிறகு குனிந்து, படியிறங்கி உள்ளே போய் இருக்க வேண்டும். அவர்கள் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கானோரை அப்படி இறக்குகிறார்கள், கைவிடுவதில்லை. என்றாலும் என் தாயாரின் கடைசி ஆண்டுகளில், கோயிலுக்குப் போக எவ்வளவு ஆசைப்பட்டும், அந்த ஒரு கணத்துக்காகவே அவர் வேண்டாம் என்று விட்டுவிட்டார். உங்கள் தாயாரிடம் இந்தப் படியை மறைக்காமல் சொல்லி, அவரையே முடிவெடுக்க விடுங்கள்.

இனிக் காரைநகர். தீவின் வடகரையில் இருக்கும் கசூரினா கடற்கரை, கரையோரம் வளர்ந்திருக்கும் சவுக்கு மரங்களால் அந்தப் பெயரைப் பெற்றது. யாழ் நகரிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீற்றர். பொன்னாலைப் பாலத்தைக் கடந்து வான் நேராகக் கடற்கரையடிக்கே போகும். அந்தக் கரை வடக்கே பார்த்திருக்கிறது என்பதுதான் உங்களுக்கு முக்கியம். தென்மேற்கிலிருந்து வரும் சோளகம் முழுத் தீவையும் கடந்துதான் அங்கே வர வேண்டும். ஆகவே தெற்குக் கரைகளில் அலை அடிக்கிற அதே நாளில் கசூரினாவில் நீர் குளம்போலக் கிடக்கும். வாடைக் காலத்தில் நிலைமை மாறிவிடும். மார்கழியில் கேட்டிருந்தால் வேலணையின் தென்பக்கத்திலுள்ள சாட்டிக் கடற்கரையைச் சொல்லியிருப்பேன். மணல் மென்மையானது, இறக்கம் மிகச் சிறியது. நெடுந்தூரம் நடந்த பிறகுதான் நீர் இடுப்புக்கு வரும். கல்கிசையில் இரண்டு அடி வைத்ததும் நிலம் காலிலிருந்து நழுவுவதைப் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு இது வேறு உலகமாக இருக்கும். தாயார் சவுக்கு நிழலில் கதிரை போட்டு இருந்து பார்க்கலாம். பக்கத்திலேயே ஈழத்துச் சிதம்பரம் என்று சொல்லப்படும் சிவன் கோயில் இருக்கிறது. நடை சாத்துவதற்கு முன்னர் போய்விட்டால் நயினாதீவுக்குப் போகாத குறையும் அவருக்குத் தீரும்.

பாலத்தால் போனால் படகு எங்கே என்று கேட்பீர்கள். காரைநகரின் தென்முனைக்கும் எதிரே இருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே ஒரு கிலோமீற்றருக்கும் குறைவான கடல் இருக்கிறது. அதைக் கடக்க ஒரு 'பாதை' ஓடுகிறது. எங்கள் பக்கத்தில் பாதை என்றால் தெருவென்று மட்டும் பொருளல்ல. ஆட்களையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்கும் தட்டையான மிதவைக்கும் அதுதான் பெயர். பயணத்துக்குக் காசு வாங்குவதில்லை; கடப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். மோட்டார் சைக்கிள் உருண்டு ஏறுகிற தட்டு என்பதால் தாயாரும் நடந்தே ஏறலாம். குறிகட்டுவானில் சொன்ன அந்த ஏற்ற இறக்கம் இங்கே இல்லை. இருக்க இடம் கிடைக்காமற் போகலாம் என்பதால் மடிக்கும் கதிரை ஒன்றை வானில் வைத்திருங்கள். பாதை வெளிக்கிட்டதும் நடுக்கடலில் ஒரு கோட்டை தெரியும். அதற்குக் கடற்கோட்டை என்று பெயர். போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி 'ஹம்மன்ஹீல்' என்று பெயரிட்டார்கள். பன்றித்தொடையின் குதிக்கால் என்று அதற்குப் பொருள். இலங்கைத் தீவு அவர்களின் கண்ணுக்குப் பன்றித்தொடை வடிவத்தில் தெரிந்தது, இந்தக் கோட்டை அதன் நுனியில் இருந்தது. பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல கதை. ஊர்காவற்றுறையை 'கயிற்ஸ்' என்கிறார்களே, அந்தச் சொல்லும் துறை என்று பொருள்படும் 'காயிஸ்' என்ற போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஊரின் இரண்டு பெயர்களும் துறையையே சொல்கின்றன.

வானைப் படகில் ஏற்றலாமா என்ற கேள்விக்கு விடை: நயினாதீவு, நெடுந்தீவுப் படகுகளில் ஏற்ற முடியாது. வான் குறிகட்டுவானில் நிற்கும். பாதையிலும் வானை நம்பிப் போகாதீர்கள். சிலர் ஊர்காவற்றுறையில் இறங்கிப் பாதையால் கடந்து, வானை யாழ்ப்பாணம் சுற்றிக் காரைநகருக்கு வரச் சொல்கிறார்கள். சாரதி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். நீங்கள் அதுவரை வெயிலில் நிற்க வேண்டும். நான் செய்வது எளிது. காலையில் பொன்னாலையால் கசூரினாவுக்குப் போய்க் குளித்து, சாப்பிட்டு, பிற்பகலில் வானிலேயே காரைநகர்த் துறைக்கு வந்து, வானை அங்கே நிறுத்திவிட்டு, நடந்து பாதையில் ஏறி, ஊர்காவற்றுறையில் இறங்கி ஒரு தேத்தண்ணி குடித்து, அடுத்த பாதையில் திரும்பி அதே வானில் ஏறிவிடுவேன். பிள்ளைகளுக்கு ஒன்றுக்கு இரண்டு பயணம். துறையடியில் கடற்படை முகாம் இருப்பதால் படம் எடுப்பதற்கு முன் அங்கே நிற்பவரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாறக்கூடியவை எவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். காற்றின் திசையும் கரையின் முகமும் ஆண்டுக்காண்டு மாறுவதில்லை. அவற்றை வைத்தே மேலே சொன்னதெல்லாம் சொன்னேன். படகு நேரங்கள் மாறும், கட்டணங்கள் மாறும், பாதை சில நாட்களில் பழுதாகித் திருத்தத்துக்குப் போகும். இவற்றை எழுத்தில் எங்கே பார்த்தாலும் பழையதாக இருக்கலாம் என்றே கொள்ளுங்கள். முதல்நாள் மாலை, தங்குமிடத்தார் மூலமோ வான் சாரதி மூலமோ காரைநகரில் ஒருவரைக் கேட்டுவிட்டால் போதும். பாதை ஓடாத நாளாக இருந்தாலும் உங்கள் கடல் குளிப்பு கெடாது. இந்தத் திட்டத்தின் நன்மையும் அதுவே. காற்றுக்கு, வளிமண்டலவியல் திணைக்களம் நாள்தோறும் தமிழிலும் வெளியிடும் கடற்பிரதேச அறிவிப்பைப் பாருங்கள். காங்கேசன்துறையிலிருந்து மன்னார் ஊடாகப் புத்தளம் வரையான கடற்பரப்பில் காற்று மணிக்கு ஐம்பது கிலோமீற்றருக்கு மேலே போகலாம் என்றிருந்தால் நான் பிள்ளைகளோடு குறிகட்டுவானில் படகேறமாட்டேன். அது திணைக்களத்தின் விதியல்ல, என் சொந்த அளவுகோல்.

எந்தப் படகில் ஏறினாலும் உயிர்காப்பு அங்கியைப் பிள்ளைகளுக்கு நீங்களே அணிவியுங்கள். அணிவித்த பின் தோள்பக்கம் இரண்டையும் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். அங்கி காதுவரை எழும்பினால் அது அந்தப் பிள்ளைக்கு உரிய அளவல்ல, நீரில் அவனை விட்டுவிட்டுத் தான் மட்டும் மிதக்கும். சிறிய அளவு துறையில் கிடைக்குமென்று இருக்காதீர்கள், கொழும்பிலேயே இரண்டு வாங்கிப் பையில் வையுங்கள். குறுகிய கடல் என்று அலட்சியம் வேண்டாம். 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் கவிழ்ந்த மிதவை கடந்துகொண்டிருந்தது ஒரு சிறிய களப்பைத்தான். பள்ளிக்கூடம் போகிற வழியில் பிள்ளைகள் அதில் மூழ்கி இறந்தார்கள். பாதையில் ஆட்கள் நெருங்கி நிற்பதைக் கண்டால் அடுத்ததற்குப் பொறுங்கள்.

திருகோணமலையையும் சிலர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நிலாவெளிக்கு எதிரே ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்திலுள்ள புறாத்தீவு 2003இலிருந்து தேசியப் பூங்கா. முருகைக்கற்களையும் மீன்களையும் பார்ப்பதற்கு ஆகஸ்ட் அங்கே நல்ல காலம். சோளகம் கிழக்குக் கரைக்குப் பெரிய அலையைக் கொண்டுவருவதில்லை. ஆனால் படகில் மணலிலிருந்து நீருக்குள் இறங்கித்தான் ஏற வேண்டும், இறங்கும்போதும் அப்படியே. நீச்சல் தெரிந்த இளைஞர்களுக்கு அந்தத் தீவைச் சொல்வேன். உங்கள் தாயாரை வைத்துக்கொண்டு சொல்லமாட்டேன்.

யாழ்ப்பாணம் போவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1990இல் நின்றுபோன ரயில் 2014 ஒக்டோபரிலிருந்து மீண்டும் யாழ்ப்பாணம்வரை ஓடுகிறது. முழங்கால் நோவுள்ளவருக்கு எழுந்து நடக்க இடமுள்ள ரயிலே நல்லது. வெள்ளவத்தையிலிருந்து வெளிக்கிடும் இரவு பஸ் வாசலிலேயே ஏற்றும், ஆனால் விடியவிடியக் கால் மடக்கியிருந்தவரை அன்று காலையே கடலுக்குக் கூட்டிப் போகாதீர்கள். ஆகஸ்டில் பெரும்பாலும் நல்லூர்த் திருவிழாவும் நடக்கும் என்பதால் ரயிலுக்கும் தங்குமிடத்துக்கும் முன்கூட்டியே பதிய வேண்டும்.

கடைசியாக அந்த வளையங்கள். கசூரினாவில் ஆகஸ்டில் உள்ள ஒரேயொரு பெரிய ஆபத்து இதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். காற்று தீவைக் கடந்து வருகிறது என்றேன். அப்படியானால் கரையில் கடலைப் பார்த்து நிற்பவரின் முதுகில் அது படுகிறது. கரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளுகிறது. கரையோரம் அலையே இல்லாததால் அந்தத் தள்ளுதல் கண்ணுக்குத் தெரியாது. சில ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு பிள்ளையின் சிவப்புப் பந்து நீரில் விழுந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தகப்பன் சிரித்துக்கொண்டே எடுக்கப் போனார். முழங்கால் நீரில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பந்து, இடுப்பு நீருக்கு அவர் போனபோது இரண்டு ஆள் நீளம் தள்ளிப் போயிருந்தது. நெஞ்சு நீரில் நின்று அவர் திரும்பிப் பார்த்தபோது கரை எவ்வளவு தூரம் போய்விட்டது என்பதை அவருடைய முகத்தில் கண்டேன். நல்லகாலம், பந்தை விட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். பந்து சிவப்புப் புள்ளியாகி மறைய ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை. அந்தப் பந்து இருந்த இடத்தில், வளையத்தில் படுத்தபடி வானத்தைப் பார்க்கும் எட்டு வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். ஆகவே வளையம், காற்றுமெத்தை, பந்து மூன்றும் வெள்ளவத்தையில் வீட்டிலேயே இருக்கட்டும். அங்கே மிதக்க ஒன்றும் தேவையில்லை, நின்றாலே நிலம் தட்டும். நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் இழுத்து இழுத்து நடக்கப் பழக்குங்கள். மணலுக்குள் படுத்திருக்கும் திருக்கை மிதிபடாமல் விலகிப் போய்விடும். சொறிமுட்டை (ஜெலிமீன்) பட்டு எரிந்தால் மணலால் தேய்க்காமல் கடல்நீராலேயே கழுவுங்கள். கையில் கொண்டுபோவதற்கு இரண்டு மணல் வாளியும் குடிதண்ணீரும் போதும்; காலை ஏழு மணிக்கே நீரில் இறங்கிப் பத்து மணிக்கு ஏறிவிடுங்கள்.